26 மடங்கு கனத்த சூரியன்

மகள் 12-ஆம் வகுப்பு. தொகையிடல் (integration) கணக்குகளைப் போட்டுவிடுகிறாள், ஆனால் மனசு ஒட்டவில்லை. "இதை வெச்சு நிஜமா எதையாவது கண்டுபிடிக்க முடியுமாம்மா?" என்றாள். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு சூரியனை வரைந்தேன்.

ஆரம் 6,96,000 கிலோமீட்டர். நடுவில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிராம். ஈயத்தைப் போல 13 மடங்கு. விளிம்பிலோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதனால் வெங்காயம் போல மெல்லிய ஓடுகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் ஓட்டின் பரப்பு நான்கு பை ஆர வர்க்கம். அதை ஓட்டின் தடிமனாலும் அந்த இடத்து அடர்த்தியாலும் பெருக்கி, நடுவிலிருந்து விளிம்புவரை கூட்டிக்கொண்டே போனால் நிறை.

முதலில் அடர்த்தி நேர்கோட்டில் குறைவதாக வைத்தோம். 53-க்குப் பின்னால் 30 சுழியங்கள், கிலோகிராமில்! பூமியின் சுற்றுக் காலத்தையும் தூரத்தையும் வைத்துக் கிடைக்கும் நிறையோ 2-க்குப் பின்னால் 30 சுழியங்கள்தான். மூன்று முறை சரிபார்த்தாள். பெருக்கலில் பிழையே இல்லை.

பிழை அந்த நேர்கோட்டில். பாதி ஆரத்தில் 75 கிராம் இருக்கும் என்கிறது அது. உண்மையில் அங்கே 1.3 கிராம் அளவுதான், தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல். வெளி ஓடுகள் அவ்வளவு பெரியவை என்பதால் அங்கே அடர்த்தி கூடினால் நிறை எகிறிவிடுகிறது.

அப்புறம் அடுக்குக்குறிச் சார்பு. ஒவ்வொரு 81,000 கிலோமீட்டருக்கும் அடர்த்தி முன்பிருந்ததில் 37 விழுக்காடாகிறது என்று வைத்தோம். இப்படிப்பட்ட சார்பைத் தொகையிட அவள் புத்தகத்தில் இருக்கும் வாய்பாடான காமா தொகையிடலே போதுமானதாக இருந்தது. விடை 2, பின்னால் 30 சுழியங்கள். சரி, அந்த 81,000 நிறை பொருந்தும்படி நாங்களே தேர்ந்தெடுத்த எண். பாதி ஆரத்தில் அது 2 கிராம் காட்டுகிறது. ஆனாலும் நிறை தெரிந்தால், யாரும் போய்ப் பார்க்க முடியாத உள்பகுதியில் அடர்த்தி எவ்வளவு வேகமாக விழ வேண்டும் என்று பிடிபடுகிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

"அப்போ எந்த ஓட்டுல நிறை அதிகம்? நடுவுலயா?"

ஓர் ஓட்டின் நிறைக்கான கோவையை அவளே வகையிட்டாள், சுழியத்துக்குச் சமப்படுத்தினாள். நடுவிலிருந்து 1,62,000 கிலோமீட்டர். நட்டநடுவில் அடர்த்தி உச்சம், ஆனால் அங்கே இடமே இல்லை! சூரியனின் பாதி நிறை கால்வாசி ஆரத்துக்குள், அதாவது கன அளவில் 64-இல் ஒரு பங்குக்குள் இருக்கிறது என்றேன். காம்பஸை எடுத்து அந்தச் சின்ன வட்டத்தை வரைந்து, பென்சிலால் அழுத்தித் தீட்ட ஆரம்பித்தாள்.