அம்மையா, பூச்சிக்கடியா என்று தெரியாத அந்த நேரத்தில்

எங்கள் பையனுக்கு ஐந்து வயது. சின்னம்மைத் தடுப்பூசி ஒரு தவணை போட்டிருந்தோம், இரண்டாவது தவணைக்கான வயதில் இருந்தான். அதனால் அவன் வயிற்றிலும் முதுகிலும் சிவப்பாகச் சில புள்ளிகள் கிளம்பியபோது, அம்மை என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று தள்ளவும் முடியவில்லை. முந்தின நாள் லேசாக உடம்பு சுட்டது. சரியாகச் சாப்பிடவில்லை. வேறு ஒன்றும் இல்லை. "அம்மை போட்டிருக்கும்மா" என்றார் மாமியார், பார்த்த மாத்திரத்தில். கணவர் பூச்சிக்கடி என்றார்.

இந்த 'இருக்குமோ' என்கிற நேரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அம்மை என்று உறுதியான பிறகு யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். ஆனால் புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது பரவத் தொடங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் இது. உறுதியாகட்டும் என்று காத்திருந்தால், மற்றவர்களுக்காகச் செய்யக்கூடிய சில காரியங்களுக்கு நேரம் கடந்துவிடும்.

முதலில் ஒரு பேனாவை எடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டேன். எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்த்தால் எது பழசு, எது புதுசு என்று குழம்பிவிடும். ஒன்றை மட்டும் விடாமல் கவனித்தால் அது எப்படி மாறுகிறது என்று தெரியும். அதே விளக்கு வெளிச்சத்தில் அவ்வப்போது போட்டோவும் எடுத்தேன். காலையில் வெறும் சிவந்த தடிப்பு. மதியத்துக்கு மேல் நடுப்பகுதி சற்று எழும்பியது. இருட்டும் நேரத்தில் அதன் உச்சியில் பனித்துளி உட்கார்ந்த மாதிரி தெளிவாக நீர் கோத்திருந்தது, சுற்றிலும் சிவப்பு வளையம். மறுநாள் அந்த நீர் கலங்கி, நடுவில் லேசாகக் குழி விழுந்தது. அதற்குள் தலைமுடிக்குள் புதிதாக இரண்டு கிளம்பியிருந்தன.

பூச்சிக்கடி இப்படி மாறாது. அது பெரும்பாலும் துணி மூடாத கை கால்களில்தான் இருக்கும், இவனுக்கோ சட்டைக்குள்தான் அதிகம். உள்ளங்கை, பாதம், வாய்க்குள் எல்லாம் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. அங்கே கொப்புளம் இருந்திருந்தால் கை, கால், வாய் நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்திருக்கும். தடிப்பு, நீர்க்கொப்புளம், காயத் தொடங்கியது என்று மூன்று நிலைகளும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் சின்னம்மையின் முக்கியமான அடையாளம் என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

ஆனால் இதையெல்லாம் முழுக்கப் பார்த்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. வட்டம் போட்ட அன்று காலையிலேயே குழந்தைகள் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். நேரே கூட்டிக்கொண்டு போகாததற்குக் காரணம் உண்டு. இந்தக் கிருமி காற்றிலும் பரவும். அங்கே காத்திருக்கும் கூட்டத்தில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தை இருக்கலாம், கர்ப்பிணி இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை இருக்கலாம். நம் பிள்ளைக்குச் சொறிச்சலோடு போகிற நோய் அவர்களுக்கு உயிராபத்து. "சந்தேகம்தான், உறுதியில்லை" என்று சொன்னதும், கடைசி ஆளாக வரச்சொன்னார்கள், காத்திருப்புக் கூடத்தில் உட்கார வேண்டாம் என்றார்கள்.

போட்டோக்களைப் பார்த்துவிட்டு டாக்டர் போனிலேயே சில கேள்விகள் கேட்டார். தடுப்பூசி அட்டையில் என்ன தேதி இருக்கிறது? ஆஸ்துமா, எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய் உண்டா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து ஏதாவது எடுக்கிறானா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? கடைசி இரண்டு மூன்று நாளில் யார் வந்து போனார்கள்?

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் தங்கை வந்திருந்தாள். ஐந்தாம் மாதம். பையனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மாலை முழுக்கக் கதை சொல்லியிருந்தாள்.

அவளிடம் இப்போதே சொல்வதா, அம்மை என்று நிச்சயமான பிறகு சொல்வதா? வயிற்றுப்பிள்ளைக்காரியை வீணாகப் பயமுறுத்தக் கூடாதே என்று மனசு இழுத்தது. டாக்டர் யோசிக்கவே விடவில்லை. "இன்னைக்கே சொல்லிடுங்க. அவங்களுக்குச் செய்ய வேண்டியதுக்கு நாள் கணக்கு இருக்கு" என்றார்.

போன் செய்தேன். "அக்கா, எனக்குச் சின்ன வயசுலயே வந்துடுச்சுல்ல?" என்றாள். அம்மாவைக் கேட்டோம். "உங்க ரெண்டு பேருக்கும்தான் வந்துது... இல்ல, உனக்கு மட்டுமா?" என்று அம்மாவுக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாத நினைவை நம்பி உட்காரக்கூடாது என்று தங்கையின் மகப்பேறு மருத்துவர் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சின்னம்மைக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள ஆன்டிபாடியையே செலுத்தும் ஊசியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும், அதைத் தொற்றுக்கு ஆளான பத்து நாட்களுக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். தடுப்பூசி போட முடியாது. அது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பத்தில் கூடாது. முதல் இருபது வாரங்களில் சின்னம்மை வந்தால் அபூர்வமாகச் சிசுவைப் பாதிக்கும், தாய்க்கு நிமோனியா ஆபத்து எப்போதும் உண்டு, பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்கே கடுமையாகிவிடும் என்று விளக்கினார். ரிசல்ட் வரும்வரை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் போன் செய்துகொண்டே இருந்தோம். ஆன்டிபாடி இருந்தது. அதைப் படித்துக் காட்டும்போது அவள் குரல் உடைந்தது. எனக்கும்தான்.

இதற்கிடையே பையனின் கொப்புளத்து நீரைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பியிருந்தார் டாக்டர். வழக்கமாகப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு வரும் அம்மையில் புள்ளிகள் பெரும்பாலும் ஐம்பதுக்கும் குறைவாகவே இருக்கும், பல நீர் கோக்காமலே அமுங்கிவிடும். போடாதவர்களுக்கு 250 முதல் 500 வரைகூட வரலாம். குறைவாக வந்தாலும் பரவவே செய்யும். பக்கத்தில் கர்ப்பிணி இருந்ததால் உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் இந்தச் சோதனை. சின்னம்மைதான் என்று வந்தது.

அடுத்தது கணவர். "இவனுக்கு வரவே இல்ல, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று மாமியார் அடித்துச் சொன்னார். மாமியாருக்கு ஏற்கெனவே வந்துபோனது. பெரியவர்களுக்கு முதல்முறையாக வந்தால் பிள்ளைகளைவிடக் கடுமையாக இருக்கும். தொற்றிய மூன்று நாட்களுக்குள், தாமதித்தால் ஐந்து நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கவோ குறைக்கவோ முடியும் என்றார்கள். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றவரை அன்று மாலையே அனுப்பி வைத்தேன்.

மருந்து விஷயத்தில் சில தெளிவுகள் கிடைத்தன. காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே சிண்ட்ரோம் என்ற அபூர்வ ஆபத்து உண்டு. ஐபுபுரூஃபனும் வேண்டாம், தோலில் கடுமையான தொற்று வருவதோடு அதற்குத் தொடர்பு பார்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியில் காய்ச்சலுக்கென்று இருந்ததே ஐபுபுரூஃபன் சிரப்தான். அதை எடுத்து உள்ளே வைத்தேன். அம்மை வைரஸை அடக்கும் மருந்தான அசைக்ளோவிர் பற்றிக் கேட்டேன். ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தேவைப்படாது, பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், நாள்பட்ட தோல் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு யோசிப்போம், புள்ளி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார். சந்தேகம் வந்த அன்றே டாக்டரிடம் பேசிவிட வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

சொறிச்சல்தான் அவனைப் படுத்தியது. நகத்தை ஒட்ட வெட்டினேன். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காலமைன் லோஷன் தடவினேன். இரவுக்கு மட்டும் டாக்டர் எழுதிய அரிப்பு மருந்து.

எப்போது பயப்பட வேண்டும் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது விட்டுத் திரும்பி வந்தால். எழுப்ப முடியாத தூக்கம், தள்ளாடும் நடை, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வலித்தால். இந்தக் கடைசி ஒன்று எங்களுக்கே நடந்தது. முழங்காலுக்குப் பின்னால் அவன் சொறிந்த இடம் சிவக்கத் தொடங்கியது. பேனாவால் அந்தச் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டேன். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியதும் டாக்டருக்குப் போன். பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார், அடங்கிவிட்டது.

பள்ளிக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். சொல்லத் தயங்கும் பெற்றோர் உண்டு, பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று. ஆனால் ஆசிரியை நன்றி சொன்னார். வகுப்பில் ஒரு பிள்ளை ஸ்டீராய்டு மருந்தில் இருக்கிறதாம், அவர்கள் வீட்டுக்கு உடனே தகவல் போனது. தொற்றியவர்களுக்குப் புள்ளி தெரிய 10 முதல் 21 நாட்கள் ஆகும் என்பதால், மற்ற பெற்றோர்களும் கவனித்துக்கொள்ள நேரம் கிடைத்தது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டி, புதிதாக எதுவும் வராமல் நின்ற பிறகுதான் அவனை அனுப்பினோம். பொருக்கு உதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கணவருக்கு அந்த 21 நாளும் தினமும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். ஒரு புள்ளியும் வரவில்லை. பெரியவர்களுக்கும் இரண்டு தவணை வேண்டும் என்பதால், நான்கு வார இடைவெளி முடிந்ததும் இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டார். இந்த முறை நான் அனுப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை.