கோபம் செல்லுபடியாகும் இடம்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வங்கிக் கிளையில் பென்ஷன்காரர்கள் கூட்டம் அலைமோதும். உயிரோடிருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டிய மாதம். 2014-இல் ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்த பிறகு கைரேகை வைத்தாலே போதும் என்றார்கள். எண்பது வயதில் ரேகை எங்கே இருக்கிறது? நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் வழவழவென்று ஆகியிருக்கும். வலது கட்டைவிரல், இடது, ஆள்காட்டி விரல், ஈரத்துணியால் துடைத்து மறுபடி முதலிலிருந்து. வரிசையில் நிற்பவர் வேறு, “மேடம், இன்னும் எவ்வளவு நேரம்?” என்பார்.

கோபம் வருவது எனக்கு முதலில் தாடையில்தான் தெரியும். இறுகிப்போகும். அடுத்தது கை; பாட்டியின் விரலை மெஷினில் தேவைக்கு மேல் அழுத்தும். அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

கண்ணை மூடுவதெல்லாம் கவுன்ட்டரில் நடக்காது. ‘வேலை நேரத்தில் தூக்கம்’ என்று வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள். கையை எடுத்து மேசைமேல் வைப்பேன். ஸ்டாம்ப் பேடை மூடுவேன். செருப்பைக் கழற்றிய கால் தரையின் குளிர்ச்சியில் படுவதைக் கவனிப்பேன். மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுவேன். இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால் விடுகிற மூச்சைத்தான் நீட்ட வேண்டும். படபடப்பில் பெரிது பெரிதாக, வேகமாக இழுத்தால் தலைசுற்றும், விரல் மரத்துப்போகும். பாஸ்புக் பிரின்ட்டர் நாலு வரி அடிக்கிற நேரம் போதும். எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

நிறுத்தினால்தான் மற்ற வழிகளும் ஞாபகத்துக்கு வருகின்றன. 2021 முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம். அதுவும் சரிவரவில்லையா, காகிதப் படிவம் இருக்கவே இருக்கிறது. பாட்டிகளுக்கு அதுதான் பிடிக்கும். கையெழுத்துப் போட்ட திருப்தி.

ஒன்று கவனித்தேன். மேனேஜர் சத்தம் போட்டால் எனக்கு இந்தப் பயிற்சி எதுவும் தேவைப்படுவதில்லை. வாய் தானாக மூடிக்கொள்ளும். மேலதிகாரி போனில் வந்தால் குரலே இனிக்கும். அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குவதே இந்த இடத்தில்தான்: கோபம் பலிக்கும் இடத்தில் அடக்குகிறவனே அடக்குகிறவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? என் கோபம் பலிக்கிற இடங்கள் எனக்கு நன்றாகவே தெரியும். பாட்டியின் விரல், சலானைத் தப்பாக நிரப்பிய பையன், சாயங்காலம் வீட்டுப்பாடத்தோடு காத்திருக்கும் மகள். அங்கேதான் இந்த நாலு வரி நேரத்தைச் செலவழிக்கிறேன்.

எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வது என்று அர்த்தமில்லை. வரிசையை உடைத்துக்கொண்டு வந்து கவுன்சிலர் பெயரைச் சொல்பவரிடம் மூச்சை விட்ட பிறகும், “வரிசையில வாங்க சார்” என்றுதான் சொல்கிறேன். குரல் மட்டும் ஏறாது.

இரண்டு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, மன அழுத்தம் குறைக்கப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள் பாருங்கள், அது தனிக் கதை. வகுப்பு நன்றாகத்தான் இருந்தது. முடிவில் கருத்துப் படிவம் தந்தார்கள். “இன்னொரு கிளார்க் போடுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.