கருத்த முகமும் நீலத் தார்ப்பாயும்

மழைக்காலம் வந்தால் மும்பை தாராவியின் சந்துகளுக்கு மேல் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். அதன் கீழே யாரைப் படமெடுத்தாலும் முகத்தில் நீலம் படிகிறது. சிவந்த முகத்தில் அது லேசாகத்தான் தெரியும். கருத்த முகத்தில் நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு என்று தனித்தனியாக எடுத்துக் காட்டும். இந்த மழைக்காலம் முழுக்க எங்கள் மக்களின் முகங்களை எடுத்துப் பழகியதில் நான் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான்.

தோலில் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு உள்ளே போய், தோலின் நிறத்தோடு திரும்பி வரும். இன்னொரு சின்னப் பங்கு மேலேயே பட்டுத் தெறித்துவிடும். மேலே தெறிப்பது எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் மெலனின் என்ற கருநிறமி அதிகமுள்ள தோல், உள்ளே போனதில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொள்கிறது. அதனால் அந்த மேல் மினுக்கம்தான் முகத்துக்கு வடிவம் தருகிறது. எண்ணெய்க்காப்பிட்ட கருங்கல் மூலவர் ஒற்றை விளக்கில் துலங்குவது போல. ஆகவே எவ்வளவு வெளிச்சம் என்று பார்ப்பதைவிட, முகத்துக்கு எதிரே எவ்வளவு பெரிய வெளிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவை வாசலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தேன். அவர் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பவுடர் அந்த மினுக்கத்தைக் கொன்று முகத்தைச் சாம்பலாக்கிவிடும் என்பதால் கழுவச் சொல்லி, கன்னத்தில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். டியூப்லைட்டை அணைத்தேன், அதன் பச்சைச் சாயல் கருத்த தோலுக்கு எதிரி. வாசலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டதும் கதவு முழுதுமே ஒரு பெரிய விளக்காகிவிட்டது. கன்னத்தில் நீளமாக ஒரு மினுக்கம் இறங்கியது. மறுபக்கத்து நிழலில் வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான்.

“தம்பி, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுப்பா” என்றார். எடுத்ததும் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க அம்மா மாதிரியே இருக்கேன்” என்றார். கலரைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதியவேண்டும் என்பதில், கேமராவை அப்படியே நம்ப முடியாது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்ப்பது அதன் குணம். கருத்த முகம் படம் முழுக்க நிறைந்தால் கேமரா அதை வெளுத்துக் காட்டும். அங்கே முக்கால் ஸ்டாப் குறைக்கிறேன் (ஒரு ஸ்டாப் கூட்டினால் பதியும் வெளிச்சம் இரட்டிப்பாகும்). பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகத்தை இருட்டில் தள்ளிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் கூட்டுகிறேன். போனில் எடுத்தால் முதல் வேலை அழகூட்டும் வசதியை நிறுத்துவது. பெரும்பாலும் அதற்குத் தெரிந்த ஒரே அழகு வெளுப்பு.

இந்தச் சாய்வு இன்று வந்ததில்லை. கோடாக் நிறுவனம் கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே அளவுகோலாக இருந்தது. பல நிறத்தவரும் இருக்கும் கார்டு பரவலானது 1990களில்தான். நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பங்களில் தாத்தாவின் சட்டையும் பல்லும் மட்டும் தெரிவதற்கு நேருக்கு நேர் அடித்த பிளாஷும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் தாத்தாவின் நிறத்தின் மேல் பழி போட்டே நாம் வளர்ந்துவிட்டோம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எடிட்டிங்கில் கை வைப்பது குறைவு. நிழல் பகுதியை மொத்தமாக வெளிச்சமாக்கினால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறது. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மஞ்சள் பக்கமாகச் சற்று வெதுவெதுப்பாக்கினால் போதும். நீலத் தார்ப்பாயும் பாதி அடங்கிவிடும். மீதிக்கு, ஆளைச் சந்து முனைக்கு இரண்டடி நகர்த்துவதே நல்ல வழி. அங்கே மேகம் மூடிய வானமே இலவச சாஃப்ட்பாக்ஸ், ஸ்டூடியோவில் வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி போல.

அடுத்தது ஜோடிப் படங்கள். ஒருவர் சிவப்பு, ஒருவர் கருப்பு என்றால் கருத்தவரை ஜன்னலுக்குப் பக்கத்திலும் மற்றவரைச் சற்றுத் தள்ளியும் நிற்கவைத்துப் பார்க்கிறேன். தூரம் கூடக் கூட வெளிச்சம் சட்டென்று குறைவதால் இரண்டு முகமும் ஓரளவு சமமாக வருகின்றன. மூன்று பேர், நாலு பேர் என்று போனால் என்ன செய்வது? தைப்பொங்கலன்று 90 அடி சாலையில் பானை வைக்கும் பெண்களின் வரிசையை எடுக்க ஆசை. அதற்குள் இது பிடிபட வேண்டும்.