வெடித்த கொண்டையும் பஸ்ஸில் வந்த ஆடும்

மானாமதுரையில் பிறந்தவளுக்கு மண் வேலை வராது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கடம் செய்கிற ஊர். உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிப் பானையை வடிவுக்குக் கொண்டுவருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பார்த்ததோடு சரி, கையால் தொட்டதில்லை. நுண்கலைக் கல்லூரியில் முதலாமாண்டுச் சிற்ப வகுப்பில் "களிமண்ணில் ஒரு தலை, காகிதத்தில் ஒரு உருவம்" என்று சார் சொன்னபோது, முதலாவது நமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

தலைக்கு எங்கள் அப்பத்தாவைத்தான் எடுத்தேன். தண்டட்டி போட்டுத் தொங்கிப்போன காது, பின்னால் ஒரு உருண்டைக் கொண்டை. செய்வதற்கு அதைவிட நல்ல தலை கிடைக்குமா?

மண்ணைப் பிசைவதிலேயே இரண்டு நாள் போனது. கல் பொறுக்கி, சலித்த மணல் கலந்து, மிதித்து, மறுபடி பிசைந்து. மணல் இல்லாத வெறும் களிமண் காயும்போது ரொம்பச் சுருங்கி வெடிப்பு விடும். கலந்தாலும், காய்ந்து சூளையில் வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு வரை சிறுத்துப்போவது உண்டு. அதனால் அப்பத்தாவை நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே செய்தேன்.

நட்டுவைத்த கட்டையில் பழைய செய்தித்தாளைச் சுற்றி, அதன்மேல் மண்ணை அப்பி முகம் எழுப்ப வேண்டும். கன்னம், தாடை எல்லாம் நன்றாகவே வந்தன. காதுதான் உயிரை எடுத்தது. மெல்லிய பாகம் சீக்கிரம் காயும், தடித்த பாகம் மெதுவாகக் காயும். தலை ஈரமாக இருக்கும்போதே காது காய்ந்து சுருங்கி, ஒட்டின இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விட்டது. மேலாக மண்ணைத் தடவி மூடினேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே கோடு. மூன்றாம் முறை காதைப் பிய்த்தெடுத்து, இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்குழம்பு பூசி அழுத்தி ஒட்டி, காதுக்கு மட்டும் ஈரத்துணியும் பாலித்தீன் பையும் கட்டி வைத்தேன். காதுவலிக்காரி மாதிரி ஒரு வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள் அப்பத்தா.

மண் கொஞ்சம் இறுகியதும் கம்பியால் தலையை இரண்டாக அறுத்து, கட்டையையும் காகிதத்தையும் எடுத்துவிட்டு, உள்ளே கட்டைவிரல் கனத்துக்குக் குடைந்து திரும்ப ஒட்ட வேண்டும். குடைந்தேன், ஒட்டினேன். கொண்டையை மட்டும் விட்டுவிட்டேன். அது உருண்டையாகப் பிடித்து ஒட்டியது, உள்ளே பூராவும் மண். தலையைக் குடைந்த நினைப்பில் கொண்டை நினைவுக்கே வரவில்லை.

சூளை திறந்த அன்று முகம் முழுசாக இருந்தது. பின்னந்தலை இல்லை. கொண்டை இருந்த இடத்தில் பெரிய பள்ளம், பக்கத்தில் இருந்த நண்பனின் பிள்ளையார் மேலெல்லாம் என் சில்லு. உள்ளே காற்று மாட்டியிருந்தால் வெடிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். வெளியே காய்ந்து உள்ளே நனைந்திருக்கும் மண்ணில், சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது தண்ணீர் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். போக வழி இல்லாவிட்டால் வழியை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். பிள்ளையாருக்குத் தும்பிக்கை நுனி போயிருந்தது. நண்பன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்தக் கடுப்பில்தான் காகித வேலையைத் தொடங்கினேன். ஒரு வெள்ளாடு, ஏறக்குறைய நிஜ அளவில். கம்பியில் எலும்புக்கூடு, அதன்மேல் கோழிவலை, அதன்மேல் மைதா பசையில் நனைத்த செய்தித்தாள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். தாளைக் கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம்தான் அடுத்த தாளோடு தடம் தெரியாமல் படியும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராக வரும், மறுபக்கம் கிழித்தால் கோணல்மாணலாகத்தான் வரும். காகிதத்தின் நார் போகும் திசை அது. எனக்கு அதுவரை தெரியாது. ஒரு அடுக்கு தமிழ்த் தாள், அடுத்த அடுக்கு இங்கிலீஷ் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால், எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்ததும் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தேதி நெருங்குகிறதே என்று ஒரே நாளில் நான்கு அடுக்கு ஒட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் ஆட்டின் வயிற்றிலிருந்து புளித்த தோசைமாவு வாடை. பிளேடால் வயிற்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பூஞ்சை. கொண்டை சொல்லிக்கொடுத்த பாடத்தைக் காகிதத்திலும் ஒரு தடவை படித்தேன். அழுகினதைப் பிய்த்தெறிந்து, ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் மல்லாக்கப் போட்டேன்.

போனில் அப்பத்தாவிடம் புலம்பினேன். "வெந்தயம் போட்டியாடி?" என்றாள். அவள் காலத்தில் காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்வார்களாம். முறத்துக்கும் அதைத்தான் பூசி மெழுகுவார்களாம். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சி அண்டாது. ஹாஸ்டல் மிக்சியில் அரைத்து (வார்டனுக்குத் தெரியாது, மிக்சியில் இன்னும் கசப்பு போகவில்லை), வயிற்றை மூடவும் முகத்துக்கும் காதுக்கும் அந்தக் கூழையே வைத்தேன். களிமண் மாதிரியே கைக்குப் படிந்தது, ஆனால் காய்ந்தபின் தட்டினால் மரம் மாதிரி சத்தம்.

மதிப்பெண் சுமார்தான். பொங்கல் லீவுக்கு ஆட்டைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோனேன். கம்பியோடு சேர்த்தே ஐந்து கிலோ தேறாது. துணிக்கு வெளியே நான்கு கால் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த கண்டக்டர், "ஆட்டையெல்லாம் ஏத்தக் கூடாதும்மா" என்றார். தட்டிக் காட்டினேன். அப்புறம் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

ஆட்டோடு கொண்டுபோயிருந்த மண் தலையில் அப்பத்தா தன் முகத்தை முதலில் பார்த்தாள். "பின்னாடி எங்கடி?" என்று மட்டும் கேட்டாள். ஆட்டிடம் ரொம்ப நேரம் நின்றாள். கறுப்பு அடித்து, கன்னி ஆடு என்று இனத்தின் பெயரும் சொல்லியிருந்தேன்.

"கன்னி ஆடுன்னா மூஞ்சியில ரெண்டு பக்கமும் கோடு இறங்கணுமே. இது ஏதோ ஆடு."

வீட்டில் வேறு பெயிண்ட் இல்லை. திண்ணைக்கு அடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பில் தென்னை மட்டையைத் தோய்த்து, அவளே இரண்டு கோடு இழுத்தாள்.