நெட்டுக்குத்தான மரங்கள்

போன ஜூனில் அமெரிக்காவின் டர்ஹாமில் உள்ள டியூக் லெமூர் மையத்துக்குப் போயிருந்தேன். 1966இல் தொடங்கிய இடம். லெமூர் என்பது மடகாஸ்கர் தீவில் வாழும், குரங்குக்கு உறவான விலங்கு. வேலி போட்ட காட்டுக்குள் சிஃபாகா என்ற வகை லெமூர் ஒன்று, மரத்தை நின்ற வாக்கில் கட்டிப்பிடித்திருந்தது. சட்டென்று உதைத்தது, அடுத்த நொடி வேறொரு மரத்தில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது: இதை அடைத்து வளர்க்க வெறும் தரைப்பரப்பு போதாது, உயரம் வேண்டும், நெட்டுக்குத்தான மரங்கள் வேண்டும்.

வரிவால் லெமூர் வேறு ரகம். தரையிலும் நிறையத் திரியும். காலையில் வயிற்றைக் காட்டி வெயில் காயும். அதன் கூட்டத்தில் பெண் லெமூர்களின் ராஜ்ஜியம் வேறு! அடி வாங்குகிறவன் ஓடி ஒளிய மறைவிடமும், சாப்பாட்டை நாலு இடத்தில் பிரித்து வைப்பதும் அவசியம். குளிர் வந்தால் கதகதப்பான அறை.

முன்பு ஒரு சின்ன விலங்குப் பூங்காவில், லெமூர் கூண்டில் பார்த்தது சிமென்ட் தரை, ஒரே ஒரு கம்பம். அந்த லெமூர் அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.