2,86,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சினைத் திறக்கும் முன்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வைத்துக் காட்டினார். மூடி தடதடவென்று ஆடியது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது தம்பி. ரிங் போயிடுச்சு, எஞ்சின் வேலைதான்" என்றார். பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் காக்கும் வளையம்தான் ரிங். அம்பத்தூரில் எனக்குத் தெரிந்தவர்களில் நன்றாக வேலை தெரிந்தவர் அவர். ஆனாலும் எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலை செய்வதென்றால் பெரிய செலவு. அதற்கு முன் என்னால் அளக்க முடிந்ததையெல்லாம் அளந்துவிடலாம் என்று மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே ஒதுக்கினேன்.

வண்டி 2011 மாடல். உள்ளே இருப்பது பியட் உருவாக்கிய 1248 சிசி டர்போ டீசல், நான்கு சிலிண்டர். நம் ஊரில் பல கம்பெனிகளின் கார்களில் ஓடிய அதே எஞ்சின்தான்.

முதலில் காலை நேர ஸ்டார்ட். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17.6-ல் ஒரு பங்காக நசுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அதனால் கம்ப்ரஷன் குறைந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்பார்கள். சென்னையில் இதை நம்ப முடியாது. மே மாதத்தில் விடிகாலையே 28 டிகிரி இருக்கும். உள்ளே போகிற காற்றே வெதுவெதுப்பு என்பதால் தேய்ந்த எஞ்சினும் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். மார்கழியில் ஒரு நாள் ஐந்து மணிக்கு எழுந்து போய், 21 டிகிரியில் ஸ்டார்ட் செய்தபோதுதான் குறை தெரிந்தது. பத்து விநாடிக்கு ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல் குலுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை, எரியாத டீசல் வாடையோடு. ஆயில் எரிந்தால் புகை நீலமாக வந்திருக்கும். கூலன்ட் கசிந்து வரும் வெள்ளைப் புகையாகவும் இல்லை, அதன் அளவு குறையவில்லை.

அப்புறம் ஆயில் கணக்கு. தினமும் ஒரே இடத்தில், சமமான தரையில், ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒரே வேகத்தில் நிறைய ஓட்டினேன். 3,200 கிலோமீட்டருக்கு 400 மில்லி ஊற்ற வேண்டியிருந்தது. இத்தனை ஓடிய வண்டிக்கு இது பயப்படுகிற அளவே இல்லை. ஆயில் கறுத்துப்போனதைத் தேய்மானத்துக்கு அடையாளமாக நினைக்காதீர்கள். டீசலின் கரி கலந்து புது ஆயிலும் சில நாளில் கறுத்துவிடும். பழைய ஃபில்டரின் காகித மடிப்பை வெட்டி விரித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ள வேலை. எனக்குக் கரிதான் வந்தது, இரும்புத் துகள் இல்லை. பேரிங் உதிர்ந்தால் செம்பு நிறத்தில் மினுக்கும், காந்தத்தில் ஒட்டாது. டார்ச் அடித்துத் தேடினேன், அதுவும் இல்லை.

சரி, பேக் கம்ப்ரஷன். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே கசிந்து கீழே இறங்கும் காற்று அது. நல்ல டீசல் எஞ்சினிலும் கொஞ்சம் இருக்கும், அதனால் மூடி ஆடுகிறதா என்பது கேள்வியில்லை. எவ்வளவு காற்று வருகிறது? ஒரு பெரிய குப்பைப் பையைத் தொட்டிக்குள் விரித்து, 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றை முழுதாக ஊற்றி, தண்ணீர் நிறைந்த இடத்தில் குறி வைத்தேன். பையைக் காயவைத்து, குறியில் இறுக்கிக் கட்டி, இந்தக் காற்று வெளியேறும் ப்ரீதர் குழாயில் மாட்டினேன். குழாயைக் கழற்றியதும் டர்போ பக்கம் திறந்துகிடக்கும் வாயை ரப்பர் அடைப்பான் வைத்து கிளிப் போட்டு இறுக்குங்கள். துணியைத் திணித்தால் டர்போ உள்ளே இழுத்துவிடும், விபரீதம்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டபோது பை நிறைய 85 விநாடி ஆனது, அதாவது நிமிடத்துக்கு 14 லிட்டர். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதே எஞ்சின் உள்ள மச்சானின் வண்டி வெறும் 90,000 ஓடியது. அதில் மாட்டினால் 110 விநாடி, கிட்டத்தட்ட 11 லிட்டர். அவன் வண்டியிலும் ஆயில் மூடி ஆடத்தான் செய்தது! ரிங் போயிருந்தால் வித்தியாசம் இவ்வளவு சின்னதாக இருக்காது என்று அப்போதுதான் தைரியம் வந்தது.

சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை அண்ணனே கொண்டுவந்தார். பெட்ரோல் கேஜ் இதற்கு ஆகாது, 70 பார் வரை காட்டுவது வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை மெதுவாகக் கழற்றினோம். முறுக்கிப் பிடித்தால் உள்ளேயே உடைந்துவிடும், அப்புறம் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். டீசல் பாயாதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, முழு சார்ஜில் இருந்த பேட்டரியோடு செல்ஃப் அடித்தோம். 27, 26, 21, 27 பார். மூன்றாவதில் ஐந்து, ஆறு பார் குறைவு. ரிங் மொத்தமாகத் தேய்ந்திருந்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கலாமே என்று கேட்டேன். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடமே மிகக் குறைவு, ஆயில் ஊற்றினால் ரீடிங் பொய்யாக ஏறும், அதிகமானால் கனெக்டிங் ராடே வளையும் என்று தடுத்துவிட்டார். அதற்குப் பதில் பக்கத்து பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து காற்று எடுத்தோம். மூன்றாவது பிஸ்டனை எல்லா வால்வுகளும் மூடியிருக்கும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, டாப் கியர் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, ஹீட்டர் பிளக் துளை வழியாக ஏற்றினோம். ஆயில் மூடி பக்கம் லேசான சீறல். ரேடியேட்டரில் குமிழி இல்லை. சைலன்சர் முனையில் கட்டியிருந்த பாலித்தீன் பை மட்டும் மெல்ல உப்பியது. முதல் சிலிண்டருக்கு இதையே செய்தபோது பை அசையவில்லை. அண்ணன் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ரிங் இல்ல தம்பி, எக்ஸாஸ்ட் வால்வு" என்றார். தன் முடிவை அவரே மாற்றிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

போன சனிக்கிழமை ஹெட்டை மட்டும் இறக்கினோம். மூன்றாவது சிலிண்டரின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் விளிம்பில் ஒரு நகம் அகலத்துக்குக் கரிந்த தடம், சீட்டிலும் அதே இடத்தில் குழி. நான் முதலில் தடவிப் பார்த்தது சிலிண்டர் சுவரைத்தான். மேல் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் தேய்மான மேடு எதுவும் இல்லை. கம்பெனியில் ஹோனிங் செய்தபோது (சுவரைத் தேய்த்து முடித்தபோது) விழுந்த குறுக்குக் கோடுகள் நான்கு சிலிண்டரிலும் இன்னும் தெரிகின்றன.

ஹெட் இப்போது லேத்தில் இருக்கிறது. டைமிங் செயின் தளர்ந்திருந்ததால் அதையும் மாற்றுகிறோம். ஹெட் போல்ட்டுகளும் கேஸ்கெட்டும் புதிது. வால்வு வேலைக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களைப் புதுப்பேட்டையில் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஹெட் வருகிறது. மாட்டியதும் ஹீட்டர் பிளக் போடுவதற்கு முன்பே மூன்றாவது சிலிண்டரில் கேஜை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.