மௌனசாமி மாஸ்டர்

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதும்படி மூன்று வருடங்களாகக் கேட்கிறார்கள். கணக்கு மாஸ்டர் காலமானார் என்ற செய்தி வந்த பிறகுதான் எனக்குக் கை ஓடியது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

அவருக்கு நாம் வைத்த மௌனசாமி என்ற பெயர் உங்களுக்குத் தெரியும். வைத்தவர் யார் என்பதும் தெரியும். அவர் இப்போது சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு, கடைசிப் பாடவேளை. மூன்றை அரையால் வகுக்கச் சொன்னார். பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கி, ஆறு என்று எழுதிவிட்டுப் பாராட்டுக்காகத் திரும்பினேன். முதலாம் பிள்ளை அல்லவா!

"வகுத்தால் குறைய வேண்டுமே, ஏன் கூடியது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. பின்வாங்கில் யாரோ செருமினார்கள். சோக்குத்தூள் விரலில் ஈரமாகி ஒட்டியது. மணி அடித்துத்தான் என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "நேற்று நான் கேட்ட விதம் பிழை. மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்" என்றார், என்னைப் பார்த்து. அதையும் அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். ஆறிப்போன காயத்தை ஏன் கிளறுகிறார் என்று பொருமினேன்.

பிறகு நானும் ஆசிரியரானேன், கடல் கடந்து. பயிற்சியில் கல்விச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதியதைப் படிக்கத் தந்தார்கள்: வேலை நடக்கும்போதே சிந்திப்பது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. அழகாகக் கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். மாஸ்டர் ஒரு முழு இரவு என் ஆறை நினைத்துக்கொண்டிருந்திருப்பார் என்பது அப்போதும் உறைக்கவில்லை.

உறைத்தது, என் பாடம் ஒன்றை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது. கேள்வி கேட்கிறேன், மூச்சு விடுவதற்குள் நானே பதிலும் சொல்கிறேன். பாடம் முழுக்க ஒரே குரல். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே அளந்து சொல்லியிருந்தார். அதை 3 விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீளுகின்றன. பதிலே வராத தருணங்கள் குறைகின்றன. பிள்ளை பேசி முடித்த பின்பும் அதேபோலக் காத்திருக்க வேண்டும் என்பார் ரோ. எனக்கு இன்றும் கைவராதது அதுதான். மௌனம் வந்தாலே வாய் துருதுருக்கிறது.

இப்போது பாடம் முடிந்ததும் கொப்பியில் இரண்டு வரி எழுதுகிறேன்: எந்தக் கேள்வி விழுந்தது, யார் முகம் சுருங்கியது. "நேற்று நான் கேட்டது பிழை" என்று வகுப்பில் முதன்முறை சொன்னபோது குரல் நடுங்கியது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

ஊருக்குப் போயிருந்தபோது அவரை ஒரேயொரு முறை பார்த்தேன். நானும் ஆசிரியர் என்றேன். "பிள்ளைகளிடம் என்ன கேட்கிறாய்?" என்றார். எங்கள் வகுப்பறையின் தொடுதிரைப் பலகையைப் பற்றியும் என் பதவி உயர்வைப் பற்றியும் விரிவாகச் சொன்னேன். சொல்லி முடித்தேன். அவர் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சு முடிந்தது என்று நினைத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.